மல்லிகையை எடுத்துட்டு கீரை போடணும்: மண்ணுல தங்கின மருந்தை நுண்ணுயிர் எத்தனை நாள்ல தின்னு முடிக்கும்?

செம்மண்காடு:

வணக்கம். அலங்காநல்லூர் பக்கம், போர் தண்ணி பாயிற 60 சென்ட் செம்மண். 12 வருஷம் மல்லிகை நின்ன நிலம். இந்தப் பங்குனியில செடியைத் தூரோட எடுத்துட்டு, ஆடிப் பட்டத்துல அரைக்கீரை, சிறுகீரை, ஓரமா முள்ளங்கி போடுறதா திட்டம்.

இதுவரை அடிச்ச மருந்து: மொட்டுப்புழுவுக்கு குளோர்பைரிபாஸ் 20 இ.சி.யும் புரோபெனோபாஸ் 50 இ.சி.யும், இலைப்பேனுக்கு தயாமீத்தாக்சம் 25 டபிள்யூ.ஜி., செஞ்சிலந்திக்கு புரோபர்கைட். பூ சீசன்ல குளோர்பைரிபாஸ் மட்டும் மாசம் ஒரு தடவை, ஏக்கருக்கு ஒரு லிட்டர் கணக்கு. கடைசி அடி தை மாசம். மண் பரிசோதனை அட்டையில பி.எச். 7.9, உப்பு 0.4, அங்ககக் கரிமம் 0.32 சதம்.

மருந்துக்கடையில ஒரு நுண்ணுயிர் பாட்டிலைக் காட்டி, "ஏக்கருக்கு ரெண்டு லிட்டர் விடுங்க, 15 நாள்ல மண்ணு சுத்தமாயிரும்"னு சொல்றாங்க. அது நடக்கிற காரியமா? மண்ணுல இருக்கிற நுண்ணுயிர் மருந்தை நெசமாவே எப்படி உடைக்குது, ஆடிக்குள்ள கீரை போடலாமா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வேர்மண்டலம்:

நீங்கள் சொன்ன நான்கு மருந்தும் மண்ணில் நான்கு விதமாக நடந்துகொள்ளும். புரோபெனோபாஸ் ஏறத்தாழ ஒரு வாரத்தில் பாதியாகிவிடும்; பி.எச். 8-ஐ நெருங்கும் உங்கள் மண்ணில் காரத்தன்மையே அதை உடைக்கும், நுண்ணுயிருக்குப் பெரிய வேலை இல்லை. புரோபர்கைட் பாதியாக ஏறத்தாழ இரண்டு மாதம். கவலைப்பட வேண்டியவை குளோர்பைரிபாஸும் தயாமீத்தாக்சமும்தான்.

குளோர்பைரிபாஸ் மூலக்கூறில் ஒரு பக்கம் கந்தகத்தோடு சேர்ந்த பாஸ்பரஸ், இன்னொரு பக்கம் மூன்று குளோரின் ஏறிய ஒரு வளையம். இரண்டையும் பிடித்திருப்பது ஓர் ஆக்சிஜன் பாலம். சில பாக்டீரியாக்களிடம் இருக்கும் பாஸ்போட்ரைஎஸ்டரேஸ் என்ற நொதி அந்தப் பாலத்தில் தண்ணீரைப் புகுத்தி வெட்டிவிடும். வெட்டு விழுந்ததும் பூச்சியின் நரம்பைத் தாக்கும் சக்தி போய்விடும். இந்தத் திறமையை முதலில் காட்டிய பாக்டீரியாக்களில் ஒன்றை 1973-ல் சேதுநாதனும் யோஷிடாவும் பதிவு செய்தார்கள். பிலிப்பைன்ஸ் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில், அதே பாஸ்பரஸ் வகைப் பூச்சிமருந்தான டயசினான் போட்ட நெல் வயலில் கிடைத்தது அது. அந்த மருந்தையே உணவாக வைத்து வளர்ந்தது. அந்த நொதியை உண்டாக்கும் அதன் 'ஓ.பி.டி.' மரபணு, பிளாஸ்மிட் எனும் தனி டி.என்.ஏ. வளையத்தில் இருக்கிறது. அதே மரபணு வேறொரு இனப் பாக்டீரியாவிலும் அமெரிக்காவில் கிடைத்திருக்கிறது. பாக்டீரியாக்கள் இந்த வித்தையை ஒன்றுக்கொன்று கைமாற்றிக்கொள்கின்றன என்பதற்கு அது நல்ல சான்று.

ஆனால் குளோர்பைரிபாஸில் ஒரு சிக்கல் உண்டு. வெட்டியபின் மிஞ்சும் குளோரின் வளையம், சுருக்கமாக டி.சி.பி., பாக்டீரியாவுக்கே நஞ்சு. வெட்டியவனையே அது மயக்கிப் போடுகிறது. அதனால்தான் கார்போபியூரான் என்ற பூச்சிமருந்து போட்ட நிலங்களில் நுண்ணுயிர் பழகிப்போய் அடுத்தடுத்த முறை வேகமாகத் தின்பதைப் போல, இதில் சுலபமாக நடப்பதில்லை. 12 வருஷம் அடித்ததால் மண் பழகியிருக்கும் என்று நம்பி இருக்காதீர்கள். டி.சி.பி. தண்ணீரில் கரைந்து கீழே இறங்கும் குணமும் உடையது. அதைத் தின்ன வேறு கூட்டம் வேண்டும். ஒரு கூட்டம் வெட்ட, இன்னொரு கூட்டம் வளையத்தைப் பிளக்க என்று வேலை பிரிந்துதான் நடக்கும்.

இன்னொரு வகையும் உண்டு. பல நுண்ணுயிர்கள் மருந்தை உணவாக எடுப்பதில்லை. மக்கிய இலையை, வேர்க்கசிவைத் தின்ன அவை சுரக்கும் நொதி, பக்கத்தில் கிடக்கும் மருந்தையும் சேர்த்து உடைத்துவிடும். கூடவே நடக்கும் இந்தச் சிதைவுக்கு மண்ணில் சாப்பாடு இருந்தாக வேண்டும். 0.32 சதம் கரிமம் என்பது பட்டினி மண்.

இப்போது கணக்கு. ஒரு ஏக்கரில் மேல் 15 செ.மீ. மண் ஏறத்தாழ 900 டன். ஒரு லிட்டர் 20 இ.சி.யில் 200 கிராம் மருந்து. முழுவதும் மண்ணில் விழுந்ததாக வைத்தால் கிலோ மண்ணுக்கு 0.22 மில்லிகிராம். குளோர்பைரிபாஸின் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், பெரும்பாலும் 60 முதல் 120 நாள். இரண்டு வாரத்தில் பாதியான மண்ணும் உண்டு, ஒரு வருஷம் தாண்டியதும் உண்டு. 60 நாள் என்றே எடுத்துக்கொள்வோம். மாதம் ஒருமுறை அடித்துக்கொண்டே போனால் மண்ணில் இருப்பு 0.75 மில்லிகிராம் அளவில் போய் நிற்கும், அதற்கு மேல் ஏறாது. அது 0.01 மில்லிகிராமுக்கு இறங்க ஆறு அரை ஆயுளுக்குக் கொஞ்சம் கூட, ஏறத்தாழ 375 நாள். இலையில் விழுந்து வெயிலில் அழியும் பங்கு பெரியது என்பதால் உண்மை இதைவிடக் குறைவாகவே இருக்கும். ஆனாலும் 15 நாளுக்கும் இதற்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள்.

கீரைக்கு நான் அதிகம் பயப்படுவது தயாமீத்தாக்சத்துக்கு. குளோர்பைரிபாஸ் லிட்டர் தண்ணீரில் 1.4 மில்லிகிராம்தான் கரையும்; மண்துகளில் ஒட்டிக்கொள்ளும், வேர் வழியாக இலைக்கு அதிகம் ஏறாது. தயாமீத்தாக்சம் லிட்டருக்கு 4 கிராமுக்கு மேல் கரையும், வேர் உறிஞ்சி இலைக்கு ஏற்றும். அது உடைந்தால் வருவது குளோதியானிடின். அதுவும் பூச்சிக்கொல்லியாகவே விற்கும் மருந்து. அதன் அரை ஆயுள் சோதனைக்கூட மண்ணில் 150 நாளில் தொடங்கி ஆயிரம் நாளையும் தாண்டியிருக்கிறது. முள்ளங்கி கதை நேர்மாறு: தோல் மண்ணோடு உரசி வளர்வதால் குளோர்பைரிபாஸை அது ஒட்டவைத்துக்கொள்ளும். இந்த நிலத்தில் முள்ளங்கி கடைசியாக வரட்டும்.

கொடிக்கால்_சோழவந்தான்:

மேல சொன்ன 60 நாள், 120 நாள் எல்லாம் ஈரமான மண்ணுக்குச் சொன்ன கணக்கு. நம்ம ஊர்ல பெரிய தப்பு நடக்கிறதே இந்த இடத்துலதான். "தையில அடிச்சது, ஆடிக்கு ஆறு மாசம் ஆச்சு"ன்னு நாளை எண்ணுவோம். பங்குனி, சித்திரை, வைகாசியில காஞ்சு கிடந்த நாள் எதுவும் கணக்குல வராது. மண்ணுல ஈரம் போயிருச்சுன்னா பாக்டீரியா வேலையை நிறுத்திட்டுப் படுத்துரும், மருந்து அப்படியே இருக்கும். நாளை எண்ணாதீங்க, ஈரமா இருந்த நாளை மட்டும் எண்ணுங்க.

ஈரம்னா சேறு இல்லை. மண் பிடிச்சு வைக்கக்கூடிய தண்ணியில 60 சதம் இருந்தா போதும். மேல ரெண்டு விரக்கடையை ஒதுக்கிட்டு கீழ ஒரு பிடி அள்ளி அழுத்துங்க. உருண்டை நிக்கணும், விரலால தட்டுனா உடையணும், கையில தண்ணி வடியக்கூடாது. செம்மண்ணுக்கு கோடையில அஞ்சாறு நாளுக்கு ஒரு தண்ணி வேண்டியிருக்கும். தேங்க விட்டா காத்து போயிரும். அந்தக் குளோரின் வளையத்தைப் பிளக்குற கூட்டத்துக்குக் காத்து இல்லாம முடியாது.

உழவுல கவனம். செடியை எடுத்ததும் சட்டிக் கலப்பை போட்டு அடிமண்ணைப் புரட்டிராதீங்க. நுண்ணுயிர் அடர்த்தியா இருக்கிறது மேல அரை அடியில. மருந்தும் அங்கதான் இருக்கு. ரெண்டையும் பிரிச்சு மருந்தை ஒரு அடிக்குக் கீழ புதைச்சா, அங்க தின்ன ஆளும் இல்லை, காத்தும் இல்லை, வருஷக்கணக்குல கிடக்கும். ஒன்பது கொத்து ஒரு சால், பிறகு ரோட்டவேட்டர் அரை அடி ஆழத்துக்கு, அவ்வளவுதான். ரோட்டவேட்டர் எதுக்குன்னா, மல்லிகையில மருந்து வழிஞ்சு சொட்டுறது தூர்ப் பாத்தியில. செடிக்கு அடியில ஒரு அளவு, இடைவெளியில ஒரு அளவுன்னு திட்டுத்திட்டா இருக்கும். அளவு கூடுன இடத்துல நுண்ணுயிரே தடுமாறும். கலந்து பரத்தி விட்டா எல்லா இடத்துலயும் கொஞ்சமா இருக்கும், கொஞ்சமா இருந்தா சீக்கிரம் கரையும்.

60 சென்டுக்கு நல்லா மக்குன தொழு உரம் மூணு டன். பச்சைச் சாணம் வேண்டாம். அது மக்குற சூடும், மண்ணுல இருக்கிற தழைச்சத்தைப் பிடுங்கிக்கிறதும் சேர்ந்து காரியத்தைக் கெடுக்கும். உரம் போட்டு ஒரு தண்ணி விட்டு, தக்கைப்பூண்டு 12 கிலோ விதைங்க. 40, 45 நாள்ல பூ எடுக்கிற சமயம் மடக்கி உழுதுருங்க. இதுல ரெண்டு லாபம். ஒண்ணு தழை. இன்னொண்ணு, உசுரோட இருக்கிற வேரைச் சுத்தி நுண்ணுயிர் பல மடங்கு கூடும். இமிடாகுளோப்ரிட் மருந்தை வச்சுப் பார்த்த அளவு ஒண்ணு உண்டு: செடி மூடுன மண்ணுல 48 நாள்ல பாதியாச்சு, வெத்து மண்ணுல 190 நாள் ஆச்சு. தயாமீத்தாக்சமும் அதே குடும்பம்தான்.

ஆடியில கீரை வேண்டாம்ங்க. செண்டுப்பூ போடுங்க. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் பக்கத்துலயே இருக்கு, வருமானம் நிக்காது. வேர்முடிச்சு நூற்புழுவையும் அது கொஞ்சம் அடக்கும். மாட்டுத்தீவனச் சோளம் போடலாமேன்னு தோணும், போடாதீங்க, அது பாலுக்கு வந்துரும். செண்டுக்கும் இதே மருந்தை எடுத்து அடிச்சா எல்லாம் முதல்ல இருந்து ஆரம்பிக்கும்.

செம்மண்காடு:

ரொம்ப நன்றிங்க ரெண்டு பேருக்கும். ஆடியில செண்டு, கீரை அடுத்த தையிலன்னு மாத்திக்கிறேன். ரெண்டு சந்தேகம். அந்தப் பாட்டிலை விடவே கூடாதா, விட்டா கெடுதலா? அப்புறம், மோட்டார் ரூம் பக்கத்துல டேங்க் கழுவுற இடத்துல புல்லே முளைக்காம இருக்கு. பிளீச்சிங் பவுடர் போட்டா மருந்து செத்துரும்னு ஒருத்தர் சொன்னார்.

வேர்மண்டலம்:

பிளீச்சிங் பவுடர் போடவே போடாதீர்கள். குளோரின் பட்டால் குளோர்பைரிபாஸில் உள்ள கந்தகம் போய் அந்த இடத்தில் ஆக்சிஜன் ஏறும். அது குளோர்பைரிபாஸ் ஆக்சான், மூலமருந்தைவிடக் கடுமையான நஞ்சு. கூடவே, உங்களுக்கு வேலை செய்யும் நுண்ணுயிர்களையும் கொன்றுவிடுவீர்கள்.

பாட்டில் கெடுதல் இல்லை, பலன்தான் நிச்சயமில்லை. பெரும்பாலும் அதில் இருப்பது சூடோமோனாஸ், டிரைக்கோடெர்மா, பேசில்லஸ் வகைகள். இந்த இனங்களில் மருந்தை உடைக்கும் ரகங்கள் உண்டு என்பது உண்மை. ஆனால் உடைக்கும் திறமை இனத்துக்குச் சொந்தமல்ல, குறிப்பிட்ட ரகத்துக்குச் சொந்தம். எல்லா சூடோமோனாஸும் குளோர்பைரிபாஸைத் தின்னாது. எந்த மருந்தை, எந்த ரகம், எவ்வளவு நாளில் என்று லேபிளில் இல்லாத பாட்டிலுக்கு அந்த வாக்குறுதியைத் தர முடியாது. திறமையான ரகமாகவே இருந்தாலும், வெளியிலிருந்து வரும் பாக்டீரியா மண்ணில் நிலைப்பது கடினம். ஏற்கெனவே இடம்பிடித்த கூட்டத்தோடு போட்டி, பாக்டீரியாவைத் தின்னும் புரோட்டோசோவா என்ற ஒரு செல் உயிர்களின் மேய்ச்சல், மண் காய்வது, இவற்றில் சில வாரங்களில் எண்ணிக்கை சரிந்துவிடும். தண்ணீரில் கலந்து வெறும் மண்ணில் ஊற்றுவது மிக மோசமான வழி. போடத்தான் வேண்டும் என்றால் வேர்நோய்க்குப் பரிந்துரைக்கும் அதே முறையில், டால்க் தூளாக வரும் சூடோமோனாஸ் ஏக்கருக்கு ஒரு கிலோவை 20 கிலோ மக்கிய தொழு உரத்தில் கலந்து, ஈர மண்ணில், சாயங்காலம் தூவுங்கள். நோய்க்குப் பயன்படும், மருந்து எச்சத்துக்கு அதை நம்பி நாளைக் குறைக்காதீர்கள்.

வெல்லத் தண்ணீர் பற்றியும் யாராவது சொல்வார்கள். சர்க்கரை ஊற்றினால் நுண்ணுயிர் எண்ணிக்கை ஒரு வாரம் பொங்கும். பொங்குவது சர்க்கரையை வேகமாகத் தின்னும் கூட்டம், மருந்தை உடைப்பது அல்ல. வைக்கோல், தழை, மக்கிய எரு போல மெல்ல மெல்லக் கரையும் சாப்பாடுதான் இந்த வேலைக்கு ஏற்றது.

கரிசல்_பேரையூர்:

இடையில நுழையிறதுக்கு மன்னிக்கணும். மக்காச்சோளத்துக்கு அட்ரசின் களைக்கொல்லி போட்ட கரிசல்ல அடுத்து உளுந்து விதைச்சா, நல்லா முளைச்சு வந்து ரெண்டு வாரத்துல கருகுது. மண் பி.எச். 8.4. கார மண்ணுல மருந்து சீக்கிரம் உடையும்னு மேல இருக்கே?

வேர்மண்டலம்:

அது பாஸ்பரஸ் வகை மருந்துக்குச் சொன்னது. அட்ரசினுக்கு அப்படியே தலைகீழ். அமில மண்ணில்தான் அது தண்ணீரோடு வினைபுரிந்து தானாக உடைந்து செயலிழக்கும், பி.எச். 7.5-க்கு மேல் அந்த வழி ஏறத்தாழ அடைபட்டுவிடும். மிச்சம் நுண்ணுயிரை நம்பித்தான். 1995-ல் அமெரிக்காவில், களைக்கொல்லி சிந்திய இடத்து மண்ணிலிருந்து எடுத்த சூடோமோனாஸ் ஏ.டி.பி. என்ற ரகம் இதைத் தழைச்சத்துக்காகத் தின்கிறது. அட்ரசின் வளையத்தில் நைட்ரஜன் நிறைய. இதில் ஒரு நுணுக்கம்: மண்ணில் யூரியா தாராளமாகக் கிடந்தால், சுலபமான நைட்ரஜனை விட்டுவிட்டு வளையத்தை உடைக்க அவை மெனக்கெடாது. மக்காச்சோளத்துக்குக் கடைசி மேலுரம் அதிகம் போட்ட நிலத்தில் அட்ரசின் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். அறுவடைக்குப் பின் தட்டையை மடக்கி உழுங்கள். அது மக்கும்போது தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும்.

முளைத்த பின் கருகுவதும் அட்ரசினின் கையெழுத்துதான். அது ஒளிச்சேர்க்கையைத் தடுக்கும் மருந்து. பருப்பிலை தரும் சாப்பாடு தீரும்வரை செடிக்கு ஒன்றும் தெரியாது. தீர்ந்ததும் அடி இலையின் ஓரம் மஞ்சளாகி, உள்நோக்கிக் காயும்.

விதைக்கும் முன் தொட்டிச் சோதனை செய்யுங்கள். வயலில் பத்து இடத்தில் 10 செ.மீ. ஆழம் வரை மண் எடுத்துக் கலந்து மூன்று தொட்டி நிரப்புங்கள். இரண்டில் அப்படியே. மூன்றாவதில் கிலோ மண்ணுக்கு ஒரு தேக்கரண்டி தூள் செய்த ஆக்டிவேட்டட் கார்பன் கலந்து வையுங்கள். அது மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அட்ரசின் படாத வரப்பு மண்ணில் நான்காவது தொட்டி. எல்லாவற்றிலும் எட்டு வெள்ளரி விதை, ஒரே அளவு தண்ணீர், நல்ல வெயில். நிழலில் வைத்தால் அறிகுறியே தெரியாமல் ஏமாற்றும். 21 நாள் பொறுங்கள், பத்து நாளில் முடிவுக்கு வரவேண்டாம். முதல் இரண்டு கருகி, கார்பன் போட்டது பச்சையாக நின்றால் களைக்கொல்லி எச்சம். மூன்றும் வாடி வரப்பு மண் மட்டும் நன்றாக இருந்தால் அது உப்போ, வேர் அழுகலோ. சீமைக்கருவேலக் கரித்தூளும் பிடிக்கும், ஆனால் சூளைக்குச் சூளை சக்தி மாறும். சோதனைக்கு அதை நம்ப முடியாது.

இந்தத் தொட்டிச் சோதனை களைக்கொல்லிக்கு மட்டும். பூச்சிமருந்து எச்சம் இருந்தாலும் வெள்ளரி சிரித்துக்கொண்டு வளரும்.

கொடிக்கால்_சோழவந்தான்:

டேங்க் கழுவுற இடத்துக்கு வர்றேன். வயல் முழுக்க அடிச்சதைவிட அந்த ஒரு மூலைதான் ஆபத்து, அதுவும் போர் பக்கத்துல. நீர்த்துப் போகாத மருந்து சிந்தி சிந்தி, நுண்ணுயிர் உசுரோட இருக்க முடியாத அளவுக்கு ஏறியிருக்கும். முதல்ல அங்க கழுவுறதை நிறுத்துங்க. 16 லிட்டர் டேங்க்னா, அடிச்சு முடிச்சதும் ரெண்டு லிட்டர் தண்ணி ஊத்திக் குலுக்கி அதே வயல்லயே அடிச்சிருங்க. இப்படி மூணு தடவை. வெளிப்பக்கம் கழுவுற தண்ணிக்கு மட்டும் ஒரு மருந்துக்குழி போடுங்க.

ஸ்வீடன்ல 1993-ல ஆரம்பிச்ச முறை அது. வைக்கோல் ரெண்டு பங்கு, மேல்மண் ஒரு பங்கு, பீட் (சதுப்பு நிலத்துல பாதி மக்கிக் கிடக்கிற தாவரக் கழிவு) ஒரு பங்கு, எல்லாம் கன அளவு. நமக்கு பீட்டுக்குப் பதிலா மக்குன தென்னை நார்க்கழிவு. வைக்கோல்ல வளர்ற வெள்ளை அழுகல் பூசணம், மரச்சத்தை உடைக்கச் சுரக்கிற நொதியால மருந்து வளையத்தையும் உடைக்கும். அதுக்காகத்தான் வைக்கோல் பாதிக்குப் பாதி. மண்ணை உங்க வயல்ல இருந்தே எடுங்க. அதே மருந்தைப் பார்த்த கூட்டம் அதுல இருக்கும். அடுத்தவங்க தோட்டத்து மண்ணைக் கொண்டு வந்தா நூற்புழுவும் சேர்ந்து வரும்.

அஞ்சடி நீளம், மூணடி அகலம், ரெண்டடி ஆழம் குழி. போர்ல இருந்து எட்டத்துல, பள்ளம் இல்லாத இடமா. அடியில கெட்டியான தார்ப்பாய், அதுக்கு மேல கரம்பைக் களிமண் நாலு விரக்கடை. வைக்கோலை விரல் நீளத்துக்கு வெட்டி, மூணையும் ஈரமாக் கலந்து, முதல்ல வெளிய குமிச்சு மூடி ஒரு மாசம், ஒன்றரை மாசம் விடணும். பூசணம் பரவினபிறகு குழியில போடுங்க. நேரா குழியில கொட்டி அன்னைக்கே கழுவ ஆரம்பிக்கிறதுதான் எல்லாரும் பண்ற தப்பு. மேல அருகம்புல் கரணை நடுங்க. புல்லு பச்சையா இருந்தா குழி மூச்சு விடுதுன்னு அர்த்தம், ஒரு மூலை கருகினா அங்க அளவு கூடிப்போச்சு, கழுவுற இடத்தை மாத்துங்க. வருஷம் ஒரு தடவை கலவை அரையடி வரை இறங்கும், அதே கலவையால நிரப்பணும். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு மேல ஒரு தகரம் கட்டாயம். தண்ணி நிறைஞ்சா பூசணம் செத்துப்போகும், மருந்து வழிஞ்சு வெளிய வரும்.

பழைய மூலையில இருக்கிற புல் முளைக்காத மண்ணை ஒரு அடிக்கு வெட்டி எடுத்து, கொஞ்சம் கொஞ்சமா இந்தக் குழியில மண் பங்குக்குப் பதிலா கலந்துக்கலாம். மொத்தமா ஒரே நாள்ல கொட்டாதீங்க.

வேர்மண்டலம்:

ஒன்று சேர்க்கிறேன். தையில் கீரை விதைக்கும் முன் ஆய்வகத்துக்கு மண் அனுப்புங்கள். உங்கள் கையில் இருக்கும் சத்து அட்டை மருந்து எச்சத்தைச் சொல்லாது. அதற்குத் தனி எச்ச ஆய்வகம் வேண்டும். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் பூச்சிக்கொல்லி நச்சியல் ஆய்வகம் இருக்கிறது. பழைய தூர்ப் பாத்தி இருந்த வரிசையில் ஒரு மாதிரி, இடைவெளியில் ஒரு மாதிரி. ஒவ்வொன்றுக்கும் பத்து இடத்தில் 15 செ.மீ. ஆழத்துக்கு வெட்டி, கலந்து, நான்காகப் பிரித்து எதிர் இரண்டைத் தள்ளி, அரைக் கிலோவாகச் சுருக்குங்கள். பிளாஸ்டிக் பையில் போடாமல் அலுமினியத் தாளில் சுற்றியோ கண்ணாடிச் சீசாவிலோ வையுங்கள். வெயிலில் காயவைக்காதீர்கள். எடுத்த அன்றே ஐஸ் பெட்டியில் வைத்து அனுப்புங்கள். சூட்டில் மூன்று நாள் பஸ்ஸில் போனால் சீசாவுக்குள்ளேயே நுண்ணுயிர் வேலை செய்து அளவைக் குறைத்துக் காட்டும். படிவத்தில் "குளோர்பைரிபாஸ், டி.சி.பி., தயாமீத்தாக்சம், குளோதியானிடின்" என்று நான்கையும் பெயர் சொல்லி எழுதுங்கள். முதல் மருந்தை மட்டும் பார்த்து "இல்லை" என்று வரும் அறிக்கையில், அது உடைந்து உண்டான பொருள் மறைந்திருக்கும்.